எச்சில் தொட்டு

ஏழடி உயரம், ஐந்தடி அகலம்.
துய்மா வீதி வீட்டின் வாசலில் நுழையவில்லை.
மாடி ஜன்னலைக் கழற்றி, கயிறு கட்டி ஏற்றினார்கள்
தேங்காய்த்திட்டில் ஐஸ்பெட்டி தூக்கும் நால்வர்.
"பொம்பள கனமாத்தான் இருக்கா" என்றான் ஒருவன்,
சட்டத்தின் ஆணி கையைக் கீறிய பிறகு.

ஹாலந்து. ஆயிரத்து எண்ணூற்று எழுபதுகள்.
ஓவியன் பெயரை மூலையில் ஈரம் தின்று
கடைசி இரண்டு எழுத்தை விட்டுவைத்திருக்கிறது.
கிழங்கு வயலில் ஒருத்தி
கவைக்கோலை ஊன்றிக் குனிந்திருக்கிறாள்.
அவளுக்கு மேலே வானம் முழுக்க
வார்னிஷ் பழுத்து, வடிகட்டாத டீயின் நிறம்.

கிறிஸ்துமஸுக்குள் ஓட்டல் திறப்பு.
முசியே சவரிராயலு தினமும் போன் செய்கிறார்:
"முகம் மட்டும் பளிச்சுனு வரணும் மதாம்."
முகமே இல்லையே, முசியே.
தலைத்துணியும் ஒரு காதும்தான்.

கார்த்திகை மழை. சென்னையிலிருந்து
மருந்துப் புட்டிகள் வந்து சேரவில்லை.
மேல் அழுக்குக்கு அவை தேவையுமில்லை.
இந்தத் தொழிலில் எல்லா ஊரிலும் செய்வதுதான்,
வெளியே சொல்வதில்லை:
எச்சில்.
சோற்றைக் கரைக்கும் அதே நீர்
பழைய புகையையும் கரைக்கும்.
காலையில் காபி கிடையாது. மூன்று முறை கொப்பளித்து
குச்சியில் பஞ்சு சுற்றி, நாக்கில் உருட்டி,
அவள் தோளில் உருட்டுகிறேன்.
பஞ்சு கறுக்கிறது.
யார் வீட்டுக் கணப்போ, யார் பிடித்த சுருட்டோ.

அஞ்சலாட்சி துடைப்பத்தோடு நின்றுவிட்டாள்.
"ஐயே, எச்சியா?"
குறிஞ்சிப்பாடிப் பக்கம் அவளுக்கு.
அண்ணாந்து குடித்த தண்ணீர்,
பந்தி முடிந்த மண்டபங்களில் மடித்து எடுத்த இலைகள்.
"அவங்க எச்சிய நாங்க எடுக்கலாம்.
எங்க வாயி பட்டா மட்டும்..."
முடிக்காமல் பக்கெட்டை நகர்த்தினாள்.

மூன்றாம் நாள் தானே கிட்டே வந்தாள்.
"மல்லாட்டை பறிக்கிறாளா?"
உருளைக்கிழங்கு.
"எதுவோ. காலை ஏன் இம்மாம் அகட்டி வச்சிருக்கா?
முழுகாம இருக்கா. ஆறு மாசம்.
வயிறு முட்டியில இடிக்காம குனியணும்னா இப்படித்தான்.
நான் குனிஞ்சிருக்கேன்."

ஏலக்காரர் அனுப்பிய தாளில்
'உழைப்பின் மௌன கண்ணியம்' என்றிருந்தது.
வயிறு பற்றி ஒரு வரி இல்லை.

அன்று முழுதும் ஏப்ரன் மேலேயே இருந்தேன்.
நூற்றுப் பதினாலு பஞ்சு.
நீலம் வந்தது. நீலத்தின் ஓரத்தில்
மங்கலாய் இன்னொரு நீலம், ஒரு விரற்கடை வெளியே.
முதலில் அகலமாய்த் தீட்டி
பிறகு உள்ளே இழுத்திருக்கிறான்.
வாங்க வந்தவர் முகம் சுளித்தாரோ,
கோடுதான் பிசகியதோ, தெரியாது.
எக்ஸ்ரே எடுத்தால் தெரியும்.
ஜிப்மரில் போய்க் கேட்டால் சிரிப்பார்கள்:
நோயாளி பெயர்? வயது?

"நானும் துடைக்கட்டுமா?" என்றாள்.
வேண்டாம், என்றேன். உன் வாய் ஆகாது.
வெற்றிலை, சுண்ணாம்பு, அதைத்தான் சொன்னேன்.
சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
மழை ஓய்ந்திருந்ததால்
அந்த ஒன்றும் சொல்லாதது நன்றாகவே கேட்டது.

மறுநாள் ஏழு மணிக்கே வந்து நின்றாள்.
வாயைத் திறந்து காட்டினாள், டாக்டரிடம் காட்டுவதுபோல்.
வெற்றிலை இல்லை. டீயும் இல்லை.
"ராவே நிறுத்திட்டேன்."
குச்சியைக் கொடுத்தேன்.

தோளையோ தலைத்துணியையோ தொடவில்லை அவள்.
தரையில் சம்மணமிட்டு
மரச்செருப்பு விட்டுத் தூக்கிய குதிகாலுக்குப் போனாள்.
நாக்கில் ஒரு தடவை, படத்தில் ஒரு தடவை.
ஒன்பது பஞ்சு கறுத்தன. பத்தாவது வெள்ளையாகவே வந்தது.
"இந்தச் சேறு மட்டும் போகலியே."
அது அழுக்கில்லை அஞ்சலாட்சி,
அவனே தீட்டிய சேறு.

குனிந்து இன்னும் கொஞ்சம் பார்த்தாள்.
"அப்ப கெடக்கட்டும்" என்று
அடுத்த காலுக்கு நகர்ந்தாள்.